வடக்குச் சுவரின் ஈரம்

அக்டோபர் 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் படுக்கையறையின் வடக்குச் சுவரைத் துடைத்தேன். ஐந்து குளிர்காலமாக இதுதான் முதல் வேலை. அதற்கென்று ஒரு பழைய துவாலை இருக்கிறது. கதவோரம் தொடங்கி மூலை வரை, மேலிருந்து கீழாக. பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும். அதன் பிறகுதான் பல் தேய்ப்பது, காப்பி எல்லாம்.

அத்தான் பாளையங்கோட்டைக்குப் போய் முப்பத்திரண்டு நாள் ஆகிறது. வேல்ஸில் இருபது வருடம் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஊரில் வாங்கிய ஃப்ளாட்டில் ஆள் வைத்து அலமாரி அடித்துக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டை விற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு நான் போய்ச் சேர வேண்டும். நவம்பர் இருபதுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஒரு வழி டிக்கெட்.

வாங்குகிறவர்களின் வழக்கறிஞரிடமிருந்து இன்று பதினொரு பக்கப் படிவம் வந்தது. வீட்டின் வரலாறு, கட்டட அமைப்பு, நாங்கள் வாங்கிய பிறகு செய்த மாற்றங்கள், அவற்றுக்கு அனுமதி உண்டா. இது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடு. ஒரு ஜன்னலை மாற்றுவதென்றாலும் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது.

மத்தியானம் அத்தான் கூப்பிட்டார்.

"ஹிஸ்டரி எம்.ஏ. படிச்சது இப்பத்தான் உதவுது பாரு. நீயே எழுதிரு. கல்லு வீடு, பழைய வீடுன்னு நாலு பக்கம் போடு. வெள்ளக்காரனுக்கு அதுதான் புடிக்கும்."

"சரி அத்தான்."

"சுவரு தொடச்சியா?"

"தொடச்சேன்."

"இங்க வந்த மறுநாளே எனக்கு இருமல் நின்னுபோச்சு, கேட்டியா. நீயும் வந்துட்டன்னா அந்தத் துவாலையத் தூரப் போட்டிரலாம்."

ராத்திரிக்கு ரசமும் அப்பளமும்.

அக்டோபர் 4, புதன்

படிவத்துக்காக வீட்டை அளந்தேன். ஆறு வருடம் குடியிருந்த வீட்டை இப்போதுதான் அளக்கிறேன்.

நீளம் நாற்பத்திரண்டு அடி, அகலம் பதினாறு. வரிசையாக இரண்டு பெரிய அறைகள். கிழக்கு அறைக்கு மேல் பாதி மாடி. ஏணி போன்ற படியில் ஏறி, கூரைக்கடியில் குனிந்து நிற்க வேண்டும். மேற்கு அறை எங்கள் படுக்கையறை. அதன் மேற்குக் கோடியில் ஒரு ஆள் உள்ளே நிற்கும் அளவுக்கு, விறகெரித்துக் குளிர்காயும் கணப்பு ஒன்று இருந்தது. இப்போது பலகை அடித்து வெள்ளை பூசியிருக்கிறது. அதன் முன்னால் மின் கணப்பு. கூரை ஸ்லேட். சுவர் தடிமன் இரண்டரை அடி. ஜன்னல் திண்டில் காலை மடக்கி உட்கார்ந்து ஒரு புத்தகம் முழுதும் படிக்கலாம். படித்திருக்கிறேன்.

எந்த மூலையும் நேர் மூலை இல்லை. தோட்டத்து வேலியும் அப்படியே, வீட்டைச் சுற்றி வளைந்து போகிறது. அதை நேராக்கிக் கம்பி வேலி போட வேண்டும் என்று அத்தான் ஒவ்வொரு கோடையிலும் சொல்வார்.

வீட்டின் பெயர் டி நெவித். வெல்ஷ் மொழியில் புது வீடு என்று அர்த்தம். இருநூறு வருடமாகப் புது வீடு.

அக்டோபர் 6, வெள்ளி

மழை. போனில் சிக்னல் இல்லை.

அக்டோபர் 9, திங்கள்

வாங்குகிறவர்கள் அனுப்பிய கட்டட ஆய்வாளர் வந்து ஒரு மணி நேரம் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டு இடத்தைத் திறந்து காட்ட வேண்டுமாம். ஒன்று கணப்பு, இன்னொன்று வடக்குச் சுவரின் வெளிப்பூச்சில் ஒரு கைவீச்சு அகலம். பட்டியல் வீடுகளில் வேலை செய்யத் தெரிந்த கொத்தனார் ஒருவரின் எண்ணையும் அவரே கொடுத்தார். நெரிஸ் என்று ஒரு பெண். வியாழக்கிழமை பிற்பகல் வரச் சொன்னேன். செவ்வாய், வியாழன் காலைகளில் நான் ஊர் நூலகத்தில் இருப்பேன் என்று சொன்னேன்.

நூலக வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அத்தானிடம் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

நெரிஸுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கையிலும் காதிலும் சுண்ணாம்பு. அவளுடைய ஆங்கிலம் வேல்ஸ்காரர்களுக்கே உரிய விதத்தில் ஏறி இறங்கும். அதைத் தமிழில் எழுதினால் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் எனக்கு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

என் பெயரைக் கேட்டதும் சிரித்தாள்.

"பியூலாவா? மெயின் ரோட்டுல இருக்க வேதக்கோயிலுக்கு அந்தப் பேருதான். எங்க அம்மாவும் அப்பாவும் பியூலாவுலதான் கல்யாணம் பண்ணுனாங்க. இப்ப அது லீவுக்கு வாடகைக்கு விடுத வீடு. பிரசங்க மேடையில பாத்ரூம் கட்டிட்டானுவ."

"எங்கள் பக்கம் கிறிஸ்தவப் பெண்களுக்கு வைக்கும் பெயர்" என்றேன்.

"கோயில் பேரப் பொம்பளைக்கு வைக்கியளா? நல்லாத்தான் இருக்கு. பக்கத்து ஊருக் கோயில் பேரு எபனேசர். அப்படிப் பொம்பளைக்கு யாராச்சும் உண்டா?"

"ஆம்பளைக்கு உண்டு. என் சித்தப்பா."

அவள் வெகுநேரம் சிரித்தாள்.

பிறகு வடக்குச் சுவரின் முன்னால் நின்றாள். சிரிப்பு போய்விட்டது. உளியை வைத்து இரண்டு அடி அடித்தாள். சிமெண்ட் தட்டையாக, தட்டு மாதிரி பெயர்ந்து விழுந்தது. அதன் பின்பக்கம் கறுப்பாக நனைந்திருந்தது. உள்ளேயிருந்த பழைய காரை ஈரமாவு போல விரலோடு வந்தது.

"இது யாரு பார்த்த வேல?"

"என் கணவர் செய்தது. நாங்கள் வந்த அடுத்த கோடையில். நான் அப்போது உள்ளே சமையல் வேலையாக இருந்தேன்."

"கல்லுச் சுவரு தண்ணியக் குடிக்கும். அப்புறம் வெயிலும் காத்தும் பட்டா வெளிய விட்டுரும். மேல சுண்ணாம்பு இருந்தா விட முடியும். நீங்க சிமெண்டப் பூசி வாயப் பொத்திட்டிய. அது வேற எங்க போகும்? உள்ளதான் வரும்."

நான் தினமும் துடைப்பது அந்தத் தண்ணீரைத்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் திறந்த இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. கற்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு. அதற்கு மேற்கே உருண்டையான, செதுக்காத பெரிய கற்கள். கிழக்கே ஓரளவு சீராக உடைத்த கற்கள். ஒன்றோடொன்று கோத்து அடுக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

"ரெண்டு வீடு இது" என்றாள். "ஒங்க பெட்ரூம்தான் மொதல்ல வந்தது. மத்ததெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது."

அக்டோபர் 13, வெள்ளி

அத்தானிடம் நெரிஸ் சொன்னதைச் சொன்னேன். சிமெண்ட் பற்றிச் சொல்லும்போது சுருக்கிச் சொன்னேன்.

"சுண்ணாம்பா? சுண்ணாம்பு வெத்தலைக்குத்தான் ஆவும். எங்க அப்பா பி.டபிள்யூ.டி. ஓவர்சியரு. மழைக்குச் சிமெண்டத் தவிர மருந்து கெடையாதும்பாரு. நம்ம ஊரு அடமழைக்கு நின்ன சாமான், அந்தத் தூத்தலுக்கு நிக்காதா?"

அந்தக் கோடையில் சிமெண்டில் கலக்க நீர்க்காப்புப் பொடி எட்டு டப்பாவை அவர் திருநெல்வேலியிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். டாக்டர் என்றதும் விட்டுவிட்டார்.

"படிவத்தில் பதினேழாவது கேள்வி" என்றேன். "வாங்கின பிறகு செய்த மாற்றம், அதற்கு அனுமதி."

"நாம வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததுன்னு எழுதிரு."

"இல்லையே அத்தான்."

"பியூலா, அனுமதி வாங்கலன்னு எழுதுனா அவன் ஓடிருவான். கவுன்சில்காரன் வந்து முழுசையும் செதுக்கி எடும்பான். ஒனக்கு அந்தக் குளிர்ல இன்னொரு வருசம் கெடக்கணுமா? ஒனக்காகத்தான சொல்லுதேன்."

எனக்காகத்தான் சொல்கிறார். அது பொய்யில்லை.

படிவத்தை அலமாரியில் வைத்தேன். துணி துவைத்தேன். காயவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

நூலகத்தில் இன்று ஆள் குறைவு. ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் நிலவரிக்காக எடுத்த வரைபடத்தின் நகலைப் பிரித்துப் பார்த்தேன். மலைமேல் பொது மேய்ச்சல் நிலம், அதன் நடுவே ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் ஒரு கட்டம். கட்டம்தான் எங்கள் வீடு. வட்டம் அந்த வளைந்த வேலி. குடியிருப்பவர்: மார்கரெட் ப்யூ. வீடும் தோட்டமும். நிலவுடைமையாளர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது.

மேய்ச்சல் நிலத்தின் நடுவே வேலியை ஏன் ஒருவர் வட்டமாகப் போட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். ஒரு மைல் திரும்பி நடந்தேன். நடப்பது நன்றாக இருந்தது.

அக்டோபர் 19, வியாழன்

கணப்பைத் திறந்த நாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பலகையைப் பெயர்த்ததும் முதலில் வந்தது சுள்ளி. மேலே புகைக்கூண்டின் வாய் திறந்தே இருந்திருக்கிறது; காக்கை இனத்துப் பறவை ஒன்று ஐந்து வருடமாக உள்ளே சுள்ளியைப் போட்டுக் கூடு கட்ட முயன்றிருக்கிறது. ஆறு சாக்கு அள்ளினோம். நெரிஸின் தலையெல்லாம் கரி. என் தலை எப்படியிருந்தது என்று அவள்தான் சொன்னாள்.

சுள்ளிக்குப் பின்னால் கணப்பு. குறுக்கே ஒரு ஓக் உத்தரம், என் இடுப்பளவு தடிமன். பக்கங்களில் மனிதர் தனியாகத் தூக்க முடியாத கற்கள். காரையே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. நெரிஸ் உள்ளே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். நானும் போனேன். மேலே சதுரமாக வானம் தெரிந்தது. முகத்தில் காற்று பட்டது. அறைக்குள் இருந்த காற்று எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஒரு ராத்திரி வீடு இது" என்றாள். "எனக்கு அன்னைக்கே சந்தேகம்."

அவள் சொன்ன வழக்கம் இது. நிலம் இல்லாதவர்கள் பொது நிலத்தில் ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் வீடு கட்டத் தொடங்குவார்கள். உறவுக்காரர்கள் எல்லாம் கூடுவார்கள். பொழுது விடிவதற்குள் கூரை ஏறி, புகைக்கூண்டிலிருந்து புகை வந்துவிட்டால் வீடு அவர்களுடையது. வாசலில் நின்று நான்கு பக்கமும் கோடாரியை வீசினால் அது விழும் தூரம் வரை தோட்டம். முதலில் மண்ணோடு வெட்டியெடுத்த புல்கட்டியால்தான் சுவர். கணப்பை மட்டும் கல்லில் அடுக்குவார்கள், தீ வேண்டுமே. மற்றதைப் பிறகு வருடக்கணக்கில் கல்லுக்கு மாற்றிக்கொள்வார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாதாம். ஆனால் புகையைப் பார்த்த பிறகு ஊரில் யாரும் கேட்க மாட்டார்களாம்.

"செவுரு முக்கியமில்ல. கூரைகூட முக்கியமில்ல. பொக தெரியணும்."

நான் நிலவரி வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். மார்கரெட் ப்யூ, அந்த வட்டம். அவள் கையிலிருந்த உளியைக் கீழே போட்டாள்.

"கோடாரி இருக்கா?"

"நிலக்கரி அள்ளும் கரண்டி இருக்கிறது."

வாசலில் நின்று அவள் வீசினாள். கரண்டி வேலியைத் தாண்டி ஆட்டுக் கூட்டத்துக்குள் விழுந்தது. ஆடுகள் சிதறின.

"கொத்தனாரு கை. கணக்குல சேராது. நீங்க வீசுங்க."

நான் வீசினேன். பாதி தூரத்தில் விழுந்தது.

"என்ன பியூலா, பூ எறியுதியளா? மார்கரெட் ப்யூவுக்கு இப்படி ஒரு கை இருந்திருந்தா கோழிக்கூடுதான் கட்டியிருப்பா."

மூன்றாம் முறை வேலிக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. அவள் கை தட்டினாள். நான் சத்தமாகச் சிரித்தது எனக்கே கேட்டது.

போகும்போது சொன்னாள்: "கீழ ரோட்டுலருந்து பார்த்தா இந்தக் கூண்டு நல்லாத் தெரியும். ஆறு வருசமா பொக வரல. ஊருல இத டாக்டர் வீடுன்னு சொல்ல மாட்டாங்க. பொகையில்லா வீடும்பாங்க. நீங்க வந்து தங்கல, சும்மா வச்சிருக்கியன்னு நெனச்சுக்கிட்டாங்க."

அக்டோபர் 22, ஞாயிறு

மெர்சி மைனி கூப்பிட்டார். அத்தானின் அக்கா. அத்தான் இப்போது தங்கியிருப்பது அவர் வீட்டில்தான்.

"ஏட்டி பியூலா, ஸ்தோத்திரம். என்ன, போன் போட்டா எடுக்கவே மாட்டேங்க?"

"சிக்னல் கிடைக்காது மைனி."

"அந்த மலையில பேயும் நரியுமா இருக்கும். ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு, பிள்ளையா குட்டியா? இங்க ஃப்ளாட்டுல ஒனக்குன்னு தம்பி பூச்சாடி வைக்க இடமெல்லாம் அடிச்சிருக்கான். நல்ல நீலத்துல டைல்ஸ். ஒனக்கு நீலம் புடிக்கும்னான்."

எனக்கு நீலம் பிடிக்கும் என்று நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. ஒருவேளை சொல்லியிருக்கலாம்.

"அந்தச் சுவரு விசயம் என்னட்டி? தம்பி பொலம்பிக்கிட்டு இருக்கான். முன்னாடியே பூசியிருந்ததுன்னு எழுதணுமாம்லா?"

"ஆமா மைனி."

"எப்படி எழுதுவ? அவன் ஏணியில நின்னு பூசுத போட்டோவப் பெருசாக்கி எங்க ஹால்லல்லா மாட்டியிருக்கு! பாளையங்கோட்டக் கொத்தனாரு வெள்ளக்கார தேசத்துல செவுரு பூசுதாருன்னு வாரவன் போறவன் எல்லாம் சிரிப்பான். கீழ நீ ஏணியப் புடிச்சுக்கிட்டு பல்லக் காட்டிக்கிட்டு நிக்க. ஒரு கையில செம்பு நெறைய சிமெண்டு வேற."

மைனி சிரித்துக்கொண்டே ஜெபம் பண்ணிவிட்டுப் போனை வைத்தார்.

அக்டோபர் 23, திங்கள்

சுவர் பூசிய அன்று நான் சமையலறையில் இல்லை.

முதல் குளிர்காலம். ஜனவரி. கணப்பிலிருந்து குளிர்காற்று அறைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இந்த ஓட்டையை அடையுங்கள், இல்லையென்றால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவரிடம் அவ்வளவு தெளிவாக நான் எதையும் கேட்டதில்லை. அவர் பலகை அடித்தார். ஜூன் மாதம் சுவரைப் பூசினார். பத்து நாள், மருத்துவமனை வேலை முடிந்து வந்து, இருட்டும் வரை. ஒரு பூச்சுப் போதும் என்றார். இன்னொன்று போடுங்கள் என்று சொன்னது நான்.

மனைவிக்குக் குளிருகிறது என்றதும் ஒரு டாக்டர் கொத்தனார் கரணையைப் பிடித்தார். அவருக்குத் தெரிந்த வழியில் செய்தார். அந்தச் சுவர் அவர் நெஞ்சில் சளியாக இறங்கியது. அதனால்தான் ஊருக்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தார். முடிவை என்னிடம் சொன்ன அன்று நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

அக்டோபர் 26, வியாழன்

காலையில் சுவரைத் துடைத்தேன். துவாலை ஓரம் மட்டும் நனைந்தது. பிழியத் தண்ணீர் வரவில்லை.

கணப்பைத் திறந்து ஏழு நாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

நேற்றிரவு கடிகாரங்களை ஒரு மணி பின்னால் தள்ளியாகிவிட்டது. இனி மார்ச் வரை ஊருக்கும் இங்குக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அத்தான் இதை மறந்து ஏழரைக்குக் கூப்பிடுவதற்குப் பதில் ஆறரைக்குக் கூப்பிட்டார். தூக்கம் கலைந்து எடுத்தேன்.

"என்ன பியூலா, கோயிலுக்குக் கிளம்பலையா?"

"இனிமேல்தான்."

சுவர் உலர்ந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்து இருந்தது, ஆனால் உலர்ந்து.

நவம்பர் 1, புதன்

படிவத்தின் இன்னொரு பிரதியில் அத்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள்கள் கூரியரில் வந்தன. பெயர், தேதி, சாட்சிக்கு மெர்சி மைனியின் கணவர். பக்கத்தில் என் கட்டம் காலியாக இருக்கிறது. பதினேழாவது கேள்விக்குப் பென்சிலில் அவரே எழுதி வைத்திருக்கிறார்: "வாங்கியபோதே இருந்தது." நான் அதன் மேல் மையால் எழுத வேண்டும்.

இன்று சிக்னல் நன்றாக இருந்தது. நானே கூப்பிட்டேன்.

"அத்தான், சுவர் காய்ஞ்சுட்டு."

"எந்தச் சுவரு?"

"நம்ம ரூம் சுவர். கணப்பத் திறந்ததும் காய்ஞ்சுட்டு. பூச்ச எடுத்துட்டா முழுசும் காஞ்சிருமாம். ஒங்க இருமலும்..."

"விக்கப்போற வீட்டுச் சுவரு காஞ்சா என்ன, நனஞ்சா என்ன? தாளு வந்துட்டா?"

"வந்துட்டு."

"போட்டு அனுப்பிரு. வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டிருக்கான்."

"நான் வரணுமான்னு நீங்க என்னக் கேக்கவே இல்லையே."

அந்தப் பக்கம் மரம் அறுத்துக்கொண்டிருந்தவரை நிறுத்தச் சொன்னார்.

"இதென்னட்டி கேள்வி? நீ வராம வேற யாரு வருவா?" என்றார். கோபமாக இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பிறகு, "நீல டைல்ஸ் போட்டோ அனுப்புதேன், பாரு" என்றார்.

அனுப்பினார். நல்ல நீலம்தான்.

நவம்பர் 2, வியாழன்

நெரிஸ் வந்து புகைக்கூண்டைத் துடைத்தாள். ஆய்வாளர் கேட்டது இது இல்லை, நான் கேட்டது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

வடக்குச் சுவரை முழுவதும் உரிப்பதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"மொதல்ல கவுன்சில்ல போயி தப்ப ஒத்துக்கணும். திட்டுவாங்க. அப்புறம் அனுமதி தருவாங்க. உரிச்சுட்டு ஒரு குளிர்காலம் அம்மணமா விடணும், காயுததுக்கு. சுண்ணாம்பு பனிக்கு ஆகாது. ஏப்ரல் வரை தொட முடியாது. பூசுன பொறவும் நனஞ்ச சாக்கப் போட்டு, பிள்ளையப் பார்த்த மாதிரி பாக்கணும். வாங்குதவங்க பார்ப்பாங்களா? பர்மிங்காம்லருந்து வருசத்துக்கு ஆறு வாரம் வருவாங்க."

"இருக்கிறவர்தான் பார்க்க முடியும்" என்றேன்.

"ஆமா, இருக்கவங்கதான்."

கிளம்பும்போது வண்டிக் கண்ணாடியை இறக்கி, "கரண்டி வீசிப் பழகுங்க" என்றாள்.

நவம்பர் 3, வெள்ளி

காலையில் எழுந்ததும் சுவரில் கையை வைத்தேன். துவாலை தேவைப்படவில்லை.

பதினேழாவது கேள்வியில் இருந்த பென்சில் எழுத்தை அழித்தேன். மையால் எழுதினேன்: வடக்குச் சுவரின் சிமெண்ட் பூச்சும் கணப்பை அடைத்ததும் நாங்கள் வாங்கிய பிறகு செய்தவை. அனுமதி பெறவில்லை. இருவரும் சேர்ந்து செய்தோம்.

எழுதிவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அனுப்பினால் வாங்குகிறவர்கள் விலகிவிடுவார்கள். வீட்டு விற்பனை நின்றுவிடும். அத்தானிடம், நான் என்ன செய்ய, உண்மையை எழுதினேன், அவர்கள் போய்விட்டார்கள் என்று சொல்லலாம். இருபத்தோரு வருடமாக எனக்கு நடந்த எல்லாமே இப்படித்தான் நடந்திருக்கிறது. சிக்னல் இல்லை. சந்தர்ப்பம் வரவில்லை. சமையல் வேலையாக இருந்தேன். அடுப்பில் தோசை இருந்தது. உண்மையையும் அந்த வரிசையில் சேர்த்துவிட என்னால் முடியும். அது மிகவும் வசதியாக இருக்கும்.

அவர்கள் விலகாமலும் போகலாம். இருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம் என்று திங்கட்கிழமை எழுதலாம். அப்போது என்ன செய்வேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் உடனே வந்தது. அதனால் வேறு காரணம் எதுவும் வேண்டியதில்லை.

என் கட்டத்தில் கையெழுத்துப் போடப் போவதில்லை. இருபதாம் தேதி விமானத்தில் ஏறப் போவதில்லை. அத்தான் வரலாம்; உலர்ந்த சுவரும் இருக்கும், கட்டிலில் அவர் பக்கமும் இருக்கும். வராமலும் இருக்கலாம். அவர் வர வேண்டுமா என்று நான் அவரைக் கேட்பேன். யாராவது ஒருவர் கேட்டுத் தொடங்க வேண்டும்.

சாயங்காலம் சுள்ளிச் சாக்குகளில் ஒன்றைக் கணப்புக்குள் கொட்டி அடுக்கினேன். பறவை ஐந்து வருடம் சேர்த்தது நன்றாகக் காய்ந்திருக்கிறது. மேலே நான்கு விறகு. தீப்பெட்டி உத்தரத்தின் மேல். துவாலையைத் துவைத்து, மடித்து, பாத்திரம் துடைக்கும் துணிகளோடு வைத்துவிட்டேன்.

நாளை பொழுது விடிவது ஏழேகாலுக்கு. ஆறரைக்கு எழுந்தால் போதும். கீழே ரோட்டில் முதல் பஸ் போவதற்குள் புகை மேலே போயிருக்க வேண்டும். ஊரில் அப்போது மத்தியானம் பன்னிரண்டே முக்கால். அத்தான் சாப்பிட உட்காருவதற்கு முன் பிடித்துவிடலாம்.

நெரிஸிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் புகை. அப்புறம் போன்.